குறுக்கே போட்ட துணி

என் தம்பி சம்சாரம் ஒருநாளும் ஒரு மனிதர் மேல் குற்றம் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் பொருள் மேல்தான் சொல்வாள். யாராவது வாசலில் தடுக்கி விழுந்தால் படி சரியில்லை. என் மனைவி விருந்தாளிகள் வந்த அன்று சாம்பாரில் இரண்டு தரம் உப்பைப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டு நின்றால், அந்த வருஷத்துப் புளி சரியில்லை. நான் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினால், கண்ணாடிக்குக் கால் முளைத்திருக்கிறது.

"எங்க ஊட்டுல மனுசங்க யாரும் தப்பே பண்றதில்லீங்கண்ணா. எல்லாம் சாமான் சட்டிக பண்றதுதான்" என்பான் தம்பி. சொல்லிவிட்டு அவளைப் பார்ப்பான். அவள் காதில் விழாதது போல் முறத்தைத் தட்டுவாள்.

எருத்தேன்பதியில் எங்கள் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில். அப்பாவுக்குப் பிறகு தென்னந்தோப்பைப் பிரித்தபோது நானே சங்கிலி போட்டு அளந்தேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பொறுப்பை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. மரங்களை எண்ணி ஆளுக்கு நூற்றுப் பன்னிரண்டு என்று பிரித்தேன். வாசலை மட்டும் பிரிக்கவில்லை. அதனால் நாற்பது வருஷம் அவளை நான் தினமும் பார்த்தேன். அவள் கண்ணை மூடி ஒன்றரை வருஷமாகிறது. இன்றைக்கும் வாசலில் எதிலாவது இடித்துக்கொண்டால், உள்ளேயிருந்து யாரோ அந்தப் பொருளைத் திட்டப் போகிறார்கள் என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவளும் அல்ல. ஒரு தரம் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நான் வழுக்கி விழுந்தேன். வேலைக்காரர்கள் ஏழு பேர் நின்று பார்த்தார்கள். ஓய்வு பெற்ற புதிது. கௌரவம் இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்த காலம். அவள் ஓடி வந்தவள் என்னைத் தூக்கவில்லை. அங்கே கிடந்த ஒரு கல்லைப் பார்த்து, "இந்தக் கெரகம் புடிச்ச கல்லை எத்தனை தடவை எடுத்துப் போடச் சொல்றது?" என்று சத்தம் போட்டாள். ஏழு பேரும் கல்லைப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் நான் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அந்தக் கல் அங்கே இல்லை. உண்மையில் நான் அதில் தடுக்கவே இல்லை. சேற்றில்தான் வழுக்கினேன். அவளுக்கும் அது தெரியும்.

எங்கள் சித்தப்பாவின் பேத்தி ஒருத்தி கல்யாணமாகி மூன்றாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஒறம்பரையாக வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் அவளை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். மாமியார் என்ன சொன்னாள், அவன் அடித்தானா, நீ என்ன வாய் கொடுத்தாய். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி சம்சாரம் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"அந்த ஊர்த் தண்ணி உப்புங்கக்கா. கல்யாணத்தன்னைக்கே நான் குடிச்சுப் பாத்தனே. அதைக் குடிச்சுட்டு எப்படி ஒரு மனுசி இருக்கறது?"

"தண்ணிக்காக யாராச்சும் வாழ்க்கைய உட்டுட்டு வருவாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சோறே வேகாதுங்க அந்தத் தண்ணியில" என்றாள் இவள், முடிவாக. அதோடு கேள்வி நின்றது. அந்தப் பெண் வந்ததிலிருந்து அழாதவள், அப்போதுதான் அழுதாள்.

எனக்கு இந்தப் பழக்கம் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லைக் கல் நகர்ந்திருந்தால் யார் நகர்த்தினார்கள் என்று கண்டுபிடிப்பதே என் பிழைப்பாக இருந்தது. காரணம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. மனைவியிடம் புலம்புவேன். "அவ மனசு அப்படி. நீங்க ஏன் அதுக்கும் டேப்பை எடுத்துட்டுப் போறீங்க?" என்பாள்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

அப்பா வெல்ல வியாபாரத்துக்காக மறையூர் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், மூணாறுப் பக்கம் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவில் பழைய சாமான்களை விற்றார்கள் என்று வாங்கி, வெல்ல மூட்டைகளின் மேலே கட்டிக்கொண்டு வந்தது. தேக்கு மரம். மடக்கினால் சுவரோரம் நிற்கும். விரித்தால் பின்னால் மூன்று பள்ளங்கள். எந்தப் பள்ளத்தில் கட்டையை மாட்டுகிறோமோ அந்த அளவுக்குச் சாயும். உட்காருவதும் சாய்வதும் ஒரே துணியில்தான். மேலே ஒரு உருட்டுக் கட்டை, கீழே ஒரு உருட்டுக் கட்டை, நடுவில் தொட்டில் போலத் தொங்கும் துணி. அப்பாவுக்குப் பிறகு அது தம்பிக்குப் போயிற்று. நான் விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. எனக்கு முதுகு ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா கடைசி எட்டு மாதம் எழவில்லை. நானும் தம்பியும்தான் தூக்கினோம், துடைத்தோம், திருப்பிப் படுக்க வைத்தோம். ஒரு நாள் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்: "என்னைய இப்படி யாரும் தூக்கற நாள் வரக் கூடாதுங்கண்ணா. சேர்ல இருந்து நானா எந்திரிக்கோணும். முடியாத அன்னைக்கு என்னைய விட்டுருங்க." அப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. கிணற்றிலிருந்து மோட்டாரைத் தனியாளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே வருவான். நான் சிரித்தேன். அவள் கொஞ்ச தூரத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து ஒரு காலை. தம்பி அந்த நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். பாதி வந்து திரும்ப விழுந்தான். இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தான். எழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தான். நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் உள்ளேயிருந்தே சொன்னாள்: "அந்தத் துணி தொய்ஞ்சு கிணறாட்டம் ஆயிப்போச்சுங்க. அதுல உக்காந்தா ஆனை கூட எந்திரிக்காது."

தம்பியின் முகம் தெளிந்தது. "பாத்தீங்களாண்ணா, துணி!" என்றான்.

அன்றைக்கே கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு துணிப் பொட்டலம். தடித்த கான்வாஸ். வெள்ளையில் நீலக் கோடு. விரித்துப் பார்த்தேன். அரை மீட்டர்தான் இருந்தது.

"இது எப்படி அம்மிணி பத்தும்?" என்றேன்.

"குறுக்கே போடறனுங்க மாமா. துணியோட அகலத்தை நீளமா வெச்சுட்டா சேருக்குச் சரியா வருது. கட்டை நுழையற ரெண்டு முனையிலயும் கரையே வந்துருது. அங்க ஓரம் அடிக்கற வேலையும் இல்லீங்க."

"குறுக்கே போட்டா இழுபடும். பாவு நூல் நீளவாட்டத்துல நின்னாத்தான் கனம் தாங்கும்."

"இழுபட்டா மடிச்சுத் தெச்சுக்கலாமுங்க."

தம்பி ஒரே ஒரு நிபந்தனை போட்டான். பழைய துணி எவ்வளவு நீளமோ புதியதும் அவ்வளவே இருக்க வேண்டும். "அப்பா உக்காந்த ஆழம் அண்ணா அது. மாத்தக் கூடாது." பழைய துணியைக் கழற்றிப் புதியதன் மேல் பரப்பி, கால் கட்டை விரலால் ஒரு மூலையை மிதித்துக்கொண்டு, அவள் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். அத்தனை வருஷம் ஆட்கள் உட்கார்ந்து இழுபட்டுப் போன நீளம் அது. அதையே புதுத் துணிக்கும் வைத்தோம். மிஷினில் இரண்டு ஊசி உடைந்தது. அப்புறம் மிஷினை மூடிவிட்டுக் கோணி ஊசியும் சணல் நூலுமாக உட்கார்ந்து, கட்டை நுழைகிற பட்டையை இரண்டு பக்கமும் கையாலேயே தைத்தாள். தைத்து மாட்டியபோது கோடுகள் குறுக்கே ஓடின, ஏணிப் படிகள் போல. இருபத்தேழு நீலக் கோடு.

தம்பி உட்கார்ந்தான். அதே ஆழம். திருப்தியாகத் தலையை ஆட்டினான். எழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். "புதுத் துணி. படியோணுமல்ல" என்றாள் அவள்.

அந்த வாரம் நான் பெங்களூருக்குப் போனேன். மருமகளுக்குப் பிரசவம். போனவன் நாலு மாதம் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. போனில் பேசும்போதெல்லாம் தம்பி நன்றாக இருப்பதாகவே சொன்னான். "சேர்ல இருந்து ஒரே மூச்சுல எந்திரிக்கறனுங்கண்ணா!" என்று ஒரு தரம் சொன்னான். அதை ஏன் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் நாற்காலியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் வேண்டுமென்றே ஒரு வீச்சில் எழுந்து நின்று காட்டினான். பந்தயத்தில் ஜெயித்தவன் போலச் சிரித்தான். நான் அவன் கழுத்தைப் பார்த்தேன். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் என் கையை விடலாம்.

"என்னடா சட்டை இவ்வளவு பெருசா இருக்குது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் காப்பியோடு வந்துவிட்டாள். "அந்த டெய்லருக்கு அளவே தெரிய மாட்டேங்குதுங்க மாமா. எல்லாத்தையும் லொளலொளன்னு தெச்சு வெச்சுடறான்."

அது முந்தின தீபாவளிக்கு எடுத்த சட்டை. அன்றைக்குப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றதை நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

காப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் தானாக எண்ணிற்று. இருபத்திரண்டு கோடுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன். நாற்காலியின் மேல்பக்கம், தலை படுகிற இடத்துக்குப் பின்னால், துணி மடித்து மடித்துத் தைத்த ஒரு சுருள் இருந்தது. "தலைக்கு மெத்துன்னு இருக்கட்டும்னு இவ பண்ணிக் குடுத்தா" என்று தம்பி அதில் சாய்ந்து காட்டினான். துணி குட்டையானதால் உட்காரும் இடம் மேலே வந்திருந்தது. இப்போது அது தொட்டில் இல்லை. ஏறக்குறைய ஒரு ஸ்டூல் உயரம். அதிலிருந்து யாரும் எழலாம்.

அவன் தோப்புக்குப் போன பிறகு டேப்பை எடுத்து வந்து கோடுகளை அளந்தேன். துணி இழுபட்டிருந்தால் கோடு அகலப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கோடும் ஓர் அங்குலம், வாங்கிய அன்று இருந்த அதே ஓர் அங்குலம். நிமிர்ந்தால் அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

"துணி இழுபடவே இல்லையே அம்மிணி" என்றேன்.

"அளக்காதீங்க மாமா."

"அஞ்சு கோட்டை மடிச்சிருக்கற. எதுக்கு?"

அவள் வந்து அந்தச் சுருளை இழுத்து நேராக்கினாள். பிறகு, "அவரு எந்திரிக்கறாருல்லங்க" என்றாள்.

அன்று மாலையே தம்பியிடம் கோயமுத்தூர் போய் உடம்பைக் காட்டலாம் என்றேன். சிரித்தான். "எனக்கு என்னண்ணா கேடு? பாருங்க" என்று மறுபடியும் உட்கார்ந்து எழுந்தான். அவன் உடம்பு தேறி வருகிறது என்பதற்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நாற்காலிதான். ஒவ்வொரு முறை நான் பேச்செடுத்தபோதும் அதையே காட்டினான். நான் கெஞ்சி, சண்டை போட்டு, திருப்பூரிலிருந்து அவன் மகளை வரவழைத்துத்தான் கூட்டிக்கொண்டு போக முடிந்தது. அதற்குள் இன்னும் ஒரு கோடு போயிருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தம்பியை வெளியே உட்காரச் சொன்னார். "மூணு நாலு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஆபரேஷனுக்கு யோசிச்சிருக்கலாம். இவ்வளவு இளைச்சிருக்காரு, வீட்டுல யாருக்கும் தெரியலையா?"

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "தெரியும். உங்கம்மாளுக்குத் தெரியும். துணியத் தெச்சுத் தெச்சு மறைச்சுட்டா. அவனையும் நம்ப வெச்சுட்டா" என்று மகளிடம் சொன்னேன். அவள் காதில் விழும்படியேதான் சொன்னேன். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெஞ்சு ரொம்ப உசரமுங்க மாமா. அவருக்குக் காலு தொங்குது" என்றாள். தன் பையைக் கொண்டுபோய் அவன் பாதத்துக்கு அடியில் வைத்தாள்.

ஊருக்கு வந்தோம். வலிக்கு மாத்திரை, கஞ்சி, நாற்காலி. இதுதான் மிச்சம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலி என்று அவர் சொல்லவில்லை. அதை நான் சேர்த்துக்கொண்டேன். அவள் தன் வேலையை நிறுத்தவில்லை. தம்பி குளிக்கப் போகும் நேரத்தில் மேல் கட்டையை உருவுவாள். இன்னொரு கோட்டை மடித்துச் சுருளோடு சேர்த்துக் குத்தித் தைப்பாள். கட்டையைத் திரும்ப நுழைப்பாள். அவன் துண்டோடு வரும்போது நாற்காலி பழையபடி இருக்கும். உட்காருவான், எழுவான். முன்பெல்லாம் அடுத்த கோடு வரை ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கியது. இப்போது மூன்று வாரம் தாங்கவில்லை.

ஒரு நாள் காலை ஊசியில் நூல் கோக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். சுருளின் கனத்தில் ஊசி ஏறவும் மாட்டேன் என்றது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. நான் போய் ஊசியை வாங்கி நூலைக் கோத்தேன். துணியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குத்தினாள்.

தம்பி வந்துவிட்டான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து சேருக்குப் பூசை பண்றீங்களா?" என்றான்.

"கட்டை கழண்டு வந்துருச்சுடா" என்றேன் நான்.

அவன் என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். அவள் சொல்லியிருந்தால் பார்த்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் துணி பலகை போல விறைத்துவிட்டது. பதினாறு கோடு. அதற்கு மேல் மடித்தால் நாற்காலியே விரியாது. அவள் செங்கல்லைத் தேடிக்கொண்டு வந்தாள். முதலில் பின்னங்கால்களுக்கு ஒவ்வொன்று. பிறகு நான்கு கால்களுக்கும். தேக்கு நாற்காலி செங்கல் மேல் நின்றது. தம்பி ஒன்றும் கேட்கவில்லை. வாசலுக்கு ஈரம் வருகிறது, மரம் கெட்டுவிடும் என்று அவளாகவே சொன்னாள். மழைக்காலம். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் அவன் எழப் பார்த்தான். நானும் அங்கே இருந்தேன். கை நாற்காலியின் கட்டையைப் பிடித்தது. தோள் முன்னால் வந்தது. இடுப்பு வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முயன்றான். மூன்றாம் தரம் முயலவில்லை.

அவள் ஓடி வந்து குனிந்தாள். "இந்தச் செங்கல்லு ஒரு பக்கம் எறங்கிருச்சுங்க, அதுதான்…"

"விடு புள்ள" என்றான்.

அவள் செங்கல்லைப் பிடித்தபடியே இருந்தாள்.

"செங்கல்லு நல்லாத்தான் இருக்குது. நீ தெச்ச துணியும் நல்லாத்தான் இருக்குது." மெதுவாகத்தான் சொன்னான். கோபம் இல்லை. அவள் தலையில் கையை வைத்தான். அவள் நிமிரவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, கையக் குடுங்க" என்றான்.

நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் தூக்கினோம். இரண்டு பேர் தேவைப்படவில்லை.

அதன் பிறகு அவன் எழ முயலவில்லை. நாங்கள் தூக்கும்போது வாய்க்காலில் சொன்னதை நினைவுபடுத்தவும் இல்லை. கார்த்திகை பிறந்த சில நாளில், வெயில் அடித்த ஒரு மத்தியானம், வாசலில் அந்த நாற்காலியிலேயே போய்விட்டான். அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து இரண்டு தரம் கூப்பிட்டாளாம்.

எங்கள் பக்கத்தில், உயிர் போகும்போது உடம்புக்குக் கீழே இருந்த பாய், தலையணை, போர்வை எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. பிணத்தோடு சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டும். மரத்துக்குத் தீட்டில்லை, கழுவி வைத்துக்கொள்ளலாம். அதனால் துணியை மட்டும் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மறுநாள் பங்காளி ஒருத்தன் தென்னை மட்டை அறுக்கும் அரிவாளோடு வந்து நாற்காலிக்கு முன்னால் குந்தினான்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள். "அறுக்காதீங்க. பிரிச்சுத் தர்றேன்" என்றாள்.

"நேரமாகுதுங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கோணும்."

"பிரிச்சுத் தர்றேன்."

கட்டையை உருவித் துணியை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஊக்கு முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தாள். சணல் நூல், வியர்வையிலும் எண்ணெயிலும் இறுகிப் போயிருந்தது. அறுத்திருந்தால் நாலு இழுப்பில் முடிகிற காரியம். பந்தலில் ஆட்கள் நின்றார்கள், உட்கார்ந்தார்கள். பறை ஓய்ந்து மறுபடி தொடங்கியது. "இந்த நேரத்துல இது என்ன பிடிவாதம்?" என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அரிவாளோடு நின்றவன் என்னைப் பார்த்தான். "இருப்பா" என்றேன்.

சுருள் ஒவ்வொரு மடிப்பாக அவிழ்ந்தது. அவள் ஓர் அங்குலம் கூட எங்கேயும் வெட்டியிருக்கவில்லை. வெட்டியிருந்தால் தைப்பது எவ்வளவோ சுலபம். அந்தக் கனத்தில் ஊசியோடு மல்லாடியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வெட்டவில்லை. அவன் மறுபடி சோறு தின்று, உடம்பு ஏறி, பழைய ஆழம் வேண்டும் என்று கேட்டால் பிரித்துவிட வேண்டுமே என்று முழுத் துணியையும் உள்ளேயே வைத்திருக்கிறாள். வெளியே இருந்த கோடுகள் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தன. மடிப்புக்குள் இருந்தவை கடையிலிருந்து வந்த அன்றைய நீலத்திலேயே வெளியே வந்தன, ஒன்று ஒன்றாக. இருபத்தேழாவது வந்ததும் துணியை உதறி நான்காக மடித்து அவளே அந்தப் பங்காளி கையில் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

காரியங்கள் முடிந்து மகள் அவளைத் திருப்பூருக்குக் கூட்டிப்போக வந்தாள். புறப்படுகிற காலையில், மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, எனக்குக் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். என் எதிரில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். ஒரு மாதத்தில் அவளே பாதியாகியிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பேசியதற்குப் பிறகு, துணி, நோய், டாக்டர் எதைப் பற்றியும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு நாளாக ஒரு வாக்கியத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லி வைத்திருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது என்று தோன்றியது.

"அந்த நோவு அப்படிப்பட்டது அம்மிணி" என்றேன். "உள்ளுக்குள்ளயே இருந்து அரிக்கும். வெளிய ஒண்ணும் காட்டாது. டாக்டருக ஆயிரம் சொல்லுவாங்க. யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்ல வருவது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் சிரிப்பது போலக் கூட இருந்தது.

"காட்டுச்சுங்க மாமா" என்றாள். "கோடு கோடாக் காட்டுச்சு. நான்தான் ஒவ்வொண்ணா மடிச்சுத் தெச்சுட்டேன்."